டங்ஸ்டன் போனது, சரி. சேரி எந்தக் கணக்கில் இருந்தது?

2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏலத்தை ரத்து செய்தது. 2024 நவம்பரில் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போன ஏலம் மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, நாயக்கர்பட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி எனப் பல ஊர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். மக்கள் போராடினால் ஒன்றிய அரசும் பின்வாங்கும் என்பதற்கு மதுரை மண்ணில் இன்று காட்டக்கூடிய சாட்சி இது. அந்த வெற்றியை நாங்கள் ஒரு சொல்லாலும் குறைக்கப் போவதில்லை.

ஆனால் வெற்றி விழா முடிந்த பிறகாவது சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். அந்தப் போராட்டம் எந்தெந்தக் காரணங்களின் மேல் நின்றது? அந்தக் காரணங்களுக்குள் சேரி இருந்ததா? நாளை இதே கோப்பு வேறு பெயரில் திரும்பி வந்தால், "இது நிலத்தடிச் சுரங்கம்தான், மேலே ஒரு புல்லுக்கும் கேடில்லை" என்று சொல்லிக்கொண்டு வந்தால், நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? நம் மாணவர்களிலேயே சிலர், "சுரங்கம் வந்தால் நம்ம பசங்களுக்கு வேலை கிடைக்குமே, வயல் வைத்திருப்பவன் எதிர்த்தால் நாமும் எதிர்க்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். அது தவறான கேள்வி அல்ல. அதற்குக் கோஷத்தால் பதில் சொல்ல முடியாது. சுரங்கம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் பதில் சொல்ல முடியும்.

பத்து சதவீத இரக்கம்

ஏலம் விடப்பட்ட பரப்பு 2015.51 ஹெக்டேர். ஏறக்குறைய 5,000 ஏக்கர். அதற்குள் 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதி 193.215 ஹெக்டேர். ஏழு குன்றுகள், சமணர் படுகைகள், தமிழி கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், லகார் வல்லூறு, கண்மாய்கள், சுனைகள் என்று அந்த நிலத்தின் பெருமை எல்லோருக்கும் தெரியும். போராட்டத்தின் முகமாக நின்றதும் அதுவே.

2024 டிசம்பர் 24 அன்று ஒன்றிய அரசு என்ன சொன்னது? பாரம்பரியத் தலம் தொகுதியின் பரப்பில் சுமார் பத்து சதவீதம்தான். அதை விலக்கிவிட்டு எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திடம் பார்க்கச் சொல்கிறோம் என்றது. அந்த அறிவிப்பை நம் இளைஞர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். "உங்கள் குன்றையும் கல்வெட்டையும் வல்லூறையும் விட்டுவிடுகிறோம், மீதி 90 சதவீதத்தைக் கொடுங்கள்" என்பதுதான் அதன் பொருள். மக்கள் அதை ஏற்கவில்லை, முழுவதையும் ரத்து செய்யவைத்தார்கள். அது அவர்கள் காட்டிய தெளிவு. ஆனால் அரசு எப்படி யோசிக்கிறது என்பது அன்றைக்கே வெளிப்பட்டுவிட்டது. கல்வெட்டு உள்ள நிலத்துக்கு ஒரு மதிப்பு. பட்டா உள்ள நிலத்துக்கு ஒரு விலை. இரண்டும் இல்லாத இடத்துக்கு எதுவும் இல்லை. நம் காலனி வீடுகள், நம் சுடுகாடு, நம் ஆடு மேயும் புறம்போக்கு எல்லாம் அந்த மூன்றாவது இடத்தில்தான் இருக்கின்றன.

எந்தச் சமணப் படுகையும் சேரிக்குள் இல்லை. எந்த அரசாணையும் சேரிக் கிணற்றைப் பாரம்பரியம் என்று அறிவித்ததில்லை. எனவே பாரம்பரியம் என்ற ஒரே கேடயத்தை நம்பி நின்றால், அடுத்த முறை அந்தக் கேடயம் நம்மை மறைக்காது.

நிலத்துக்கு அடியில் என்ன நடக்கிறது

நாயக்கர்பட்டியில் ஏலம் விடப்பட்டது ஆய்வு உரிமமும் சுரங்கக் குத்தகையும் சேர்ந்த கூட்டு உரிமம். திறந்தவெளியாகத் தோண்டுவதா, நிலத்தடியில் போவதா என்பது தாது எவ்வளவு ஆழத்தில், எப்படிக் கிடக்கிறது என்று துளையிட்டுப் பார்த்த பிறகே முடிவாகும். திறந்தவெளிச் சுரங்கத்தின் கேடு கண்ணுக்குத் தெரியும். கிரானைட் குவாரிகளைப் பார்த்துப் பார்த்து மேலூர் வட்டாரம் அதை நன்றாக அறிந்திருக்கிறது. நிலத்தடிச் சுரங்கத்தின் கேடு அப்படித் தெரியாது. அதனாலேயே அதை நல்ல பிள்ளைபோல் காட்ட முடிகிறது.

ஒரு நிலத்தடி உலோகச் சுரங்கத்துக்கு முதலில் உள்ளே போக வழி வேண்டும். நேர்குத்தாக இறங்கும் ஷாஃப்ட், அல்லது லாரி ஓடும் அளவுக்குச் சாய்வாக வளைந்து இறங்கும் பாதை. அதிலிருந்து ஒவ்வொரு மட்டத்திலும் பக்கவாட்டில் சுரங்கப் பாதைகள் பிரியும். தாது உள்ள பாறையைத் துளையிட்டு, வெடிவைத்து, உடைத்து, அள்ளி மேலே அனுப்புவார்கள். தாதை எடுத்த இடம் பெரிய வெற்றறையாக நிற்கும். கூரை விழாமலிருக்க நடுவே பாறைத் தூண்களை விட்டுவைக்க வேண்டும், அல்லது கழிவை உள்ளே கொட்டி நிரப்ப வேண்டும். தூணில் இருப்பதும் தாதுதான். அதை விட்டுவைத்தால் லாபம் குறையும், எடுத்தால் மேல்நிலம் இறங்கும் ஆபத்து கூடும். தூணின் தடிமன் என்ன என்ற கேள்வி பொறியாளரின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை. மேலே வீடு வைத்திருப்பவரின் சுவரிலும் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். மதுரைச் சமவெளியின் அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சிதைந்த மண்ணடுக்கிலும், கீழே பாறையின் விரிசல்களிலும்தான் நிலத்தடி நீர் நிற்கிறது. நம் கிணறுகளும் போர்களும் அந்த விரிசல்களை நம்பியே இருக்கின்றன. சுரங்கம் அந்த விரிசல்களை வெட்டிக்கொண்டு கீழே போகும்போது நீர் அதற்குள் வடியும். சுரங்கம் மூழ்காமலிருக்க இரவு பகலாக பம்ப் ஓட வேண்டும். சுரங்கம் ஓடும் காலம் முழுக்க அது அந்த வட்டாரத்திலேயே ஆழமான கிணறாக இருக்கும். அப்படிப்பட்ட கிணற்றுக்கு நீர் எங்கிருந்து போகும் என்பதை விவசாயக் கூலிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் வற்றுவது ஆழமில்லாத கிணறு. வசதி உள்ளவர் இன்னும் 300 அடி போர் இறக்குவார். காலனியின் கைப்பம்பும் ஊராட்சிக் குழாயும்தான் முதலில் காற்று விடும்.

மூன்றாவது காற்று. ஆயிரம் அடி ஆழத்தில் டீசல் இயந்திரமும் வெடிமருந்தும் பாறைத்தூசியும் இருக்கும் இடத்தில் மனிதர் மூச்சுவிட, பெரிய மின்விசிறிகள் வைத்துக் காற்றை ஒரு வழியில் உள்ளே இழுத்து மறுவழியில் வெளியே தள்ள வேண்டும். உள்ளிருக்கும் புகையும் தூசியும் மறைந்துவிடுவதில்லை. வெளியேற்றும் குழாய் எந்த இடத்தில் தலைநீட்டுகிறதோ அங்கே வருகின்றன. அந்த இடத்தை யார் தேர்ந்தெடுப்பார்கள்?

நான்காவதுதான் மிகப் பெரியது. கழிவு. உலகில் தோண்டப்படும் டங்ஸ்டன் தாதில் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான டங்ஸ்டன் ஆக்சைடே இருக்கும். அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு டன் பாறையை உடைத்து மாவாக அரைத்தால் 5 கிலோ கிடைக்கும், 995 கிலோ கழிவு. அந்த மாவோடு தண்ணீரும் வேதிப்பொருளும் கலந்த சேறு அது. "கழிவைச் சுரங்கத்துக்குள்ளேயே நிரப்பிவிடுவோம்" என்பார்கள். பாதி உண்மை. பாறை உடைந்தால் பருமன் கூடும். வெட்டி எடுத்த குழிக்குள் வெட்டியெடுத்தது முழுவதும் திரும்ப அடங்காது. கணிசமான பங்கு மேலேயே நிற்கும். சுரங்கம் நிலத்தடியில் இருக்கலாம், அதன் கழிவு மலை நிலத்தடியில் இருக்காது.

நிறுவனம் பட்டா நிலத்தில் கழிவுக் குட்டை கட்டினால் இழப்பீடு கொடுக்க வேண்டும். புறம்போக்கில் கட்டினால் அரசிடம் அனுமதி வாங்கினால் போதும். எனவே எந்த நிலம் கழிவுக்குப் போகும் என்பதைக் கணிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஊருக்கு வெளியே, காற்றுக்குக் கீழே, தரிசு என்று வருவாய்ப் பதிவேட்டில் எழுதப்பட்ட இடம். சேரியை எந்தத் திசையில் தள்ளிவைத்தார்களோ அதே திசை.

கணக்கில் வராதவர்கள்

நிலத்தடிச் சுரங்கத்தின் வடிவமைப்பில் இன்னொரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு முழு நிலமும் வேண்டும். நிலத்தடிக்கு அப்படியில்லை. ஷாஃப்ட் வாய், ஆலை, கழிவுக் குட்டை, சாலை ஆகியவற்றுக்கு மட்டும் மேல்நிலம் போதும். கனிமச் சட்டப்படி குத்தகைதாரர் இழப்பீடு தர வேண்டியது மேல்நிலத்தை அனுபவிப்பவருக்கு. நிலம் எடுக்கப்படாதவர் பாதிக்கப்பட்டவர் பட்டியலிலேயே வரமாட்டார். அவர் வீட்டுக்கு அடியில் வெடி வைக்கலாம், அவர் கிணறு வற்றலாம், காகிதத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "குறைந்த நிலம், குறைந்த பாதிப்பு" என்ற பசுமைப் பேச்சின் நடைமுறைப் பொருள் இதுதான்: பாதிப்பு குறையவில்லை, எண்ணப்படுபவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் இந்த அநியாயத்தை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. நிலம் இல்லாவிட்டாலும், அந்தப் பகுதியில் மூன்று ஆண்டுகளாக விவசாயக் கூலியாக, குத்தகைதாரராக, கைவினைஞராகப் பிழைத்த குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்கிறது அந்தச் சட்டம். நல்ல சொல். ஆனால் மூன்று ஆண்டு நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போனதற்கு எந்தப் பெண்ணிடம் ரசீது இருக்கிறது? கூலி கொடுத்தவர் எழுதிக் கொடுப்பாரா? அந்த வயலை அவரே நல்ல விலைக்கு விற்கத் தயாரான நாளில்?

நிலம் வைத்திருப்பவருக்குச் சுரங்கம் ஒரு பேரம். அவர் எதிர்க்கலாம், விற்கலாம், விலையை ஏற்றிக் கேட்கலாம். நிலமற்றவருக்குப் பேரம் பேசப் பொருளே இல்லை. தலித்துகள் ஏன் நிலமற்றவர்கள் என்பதற்கும் வரலாறு உண்டு. 1892இல் தொடங்கி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் யார் கைக்குப் போயின என்று கேட்டு இந்த மாநிலத்தில் எத்தனை தலைமுறை மனு எழுதியிருக்கிறது! நிலத்தை முதலில் சாதி பறித்தது. பிறகு நிலமில்லை என்பதையே காரணம் காட்டி இழப்பீட்டைச் சட்டம் மறுக்கிறது.

மேலூர் வட்டாரம் இதைக் கிரானைட்டில் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் கொடுத்த அறிக்கை, அரசுக்கு 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றது. அந்தத் தொகையை நாடே பேசியது, பேசவும் வேண்டும். ஆனால் அந்தக் குவாரிகளில் கல் பிளந்தவர்களின் நுரையீரல் எத்தனை போயிற்று என்று யார் பேசினார்கள்? அரசுக்கு நேர்ந்த இழப்பைக் கணக்கிட அதிகாரி இருந்தார். தொழிலாளிக்கு நேர்ந்த இழப்பைக் கணக்கிட ஒரு பதிவேடுகூட நம் கையில் இல்லை.

"வேலை கிடைக்குமே" என்பதற்குக் கோலாரின் பதில்

இப்போது நம் மாணவர்களின் கேள்விக்கு வருவோம். சுரங்கம் தலித்துகளுக்கு விடுதலை தராதா? தந்திருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்கவயலில் தொடங்கிய சுரங்கங்களுக்கு வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆயிரமாயிரமாகப் போனவர்களில் பெரும்பாலோர் பறையர்கள். பண்ணையாரின் வயலிலிருந்து தப்பிப் போனார்கள். கூலி காசாகக் கிடைத்தது. பண்ணையார் வீட்டு வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அந்தக் காசில் பள்ளி வந்தது, சங்கம் வந்தது, அச்சகம் வந்தது. அயோத்திதாசரின் பௌத்தம் வேர்விட்ட மண்களில் மாரிக்குப்பமும் ஒன்று. அவர் மறைவுக்குப் பின் 'தமிழன்' இதழை ஜி. அப்பாதுரையார் அங்கிருந்துதான் நடத்தினார். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1954இல் அம்பேத்கர் அங்கே வந்தார். தமிழ் தலித் அரசியலின் தொட்டில்களில் ஒன்று ஒரு நிலத்தடி உலோகச் சுரங்கத்தின் வாயில்தான் ஆடியது.

ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்துப் படியுங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் பாறையே கொதிக்கும். அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடித்துச் சிதறும். அந்தப் பாறை வெடிப்பில் செத்தவர்கள் நம்மவர்கள். மேலே பங்களா வெள்ளைக்காரருக்கு, கீழே துளையிடும் கருவி தலித்துக்கு. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆசியாவின் தொடக்ககால நீர்மின் நிலையங்களில் ஒன்று அது. கட்டப்பட்டது சுரங்க இயந்திரங்களுக்காக, தொழிலாளியின் குடிசைக்காக அல்ல. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் மருத்துவ ஆய்வில் முதலில் பதிவானதும் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான். பாறைத்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பாகும். மூச்சு சிறிது சிறிதாகக் குறையும். அதற்கு இன்றுவரை குணமாக்கும் மருந்து கிடையாது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது, சயனைடு மேடுகள் நிற்கின்றன. கோடிக்கணக்கான டன் அரைத்த கழிவு. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் யார் வீட்டுக்குள் வருகிறது? சுரங்கம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுக்குள். அவர்களில் பலர் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலிக்குப் போய்த் திரும்புகிறார்கள்.

சரி, அவ்வளவு விலை கொடுத்தாலும் அந்த விடுதலை மேலூரில் மீண்டும் கிடைக்குமா? கிடைக்காது. கோலார் தலித்துகளுக்கு எதையாவது தந்தது என்றால் அதற்குக் காரணம் தங்கம் அல்ல, கூட்டம். பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில், ஒரே வேலையில், ஒரே லைன் வீடுகளில் இருந்தார்கள். அவர்கள் நிறுத்தினால் சுரங்கம் நின்றது. அந்த பலத்தில்தான் சங்கமும் பள்ளியும் இதழும் வந்தன. இன்றைய சுரங்கத்தின் வடிவமைப்பே அந்தக் கூட்டம் சேராமலிருக்கத்தான். துளையிட ஜம்போ இயந்திரம், அள்ள லோடர், ஏற்ற ராட்சத லாரி. ராஜஸ்தானில் இந்துஸ்தான் ஜிங்க்கின் சிந்தேசர் குர்த் சுரங்கத்தில் மேலே அறைக்குள் உட்கார்ந்து கீழே உள்ள இயந்திரத்தை இயக்குகிறோம் என்று அந்த நிறுவனமே பெருமையாகச் சொல்கிறது. அந்த நாற்காலியில் உட்காரப்போவது யார்? ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்து, முன்அனுபவமும் உள்ளவர். நடவுக்குப் போகும் நம் அம்மாக்களுக்கு அதில் இடமில்லை. நம் பையன்களுக்கு மிஞ்சுவது ஒப்பந்தக்காரரிடம் காவல் வேலை, கழிவு அள்ளும் வேலை, பம்ப் ரூமில் சகதி வாரும் வேலை. சங்கம் சேர்ந்தால் அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

கோலாரின் விடுதலை வராது. கோலாரின் சயனைடு மேடு மட்டும் வரும். வேலைக்காகச் சுரங்கத்தை ஆதரிக்கச் சொல்பவர்களுக்கு எங்கள் பதில் இது.

"வரும் பணத்தில் மாவட்ட நலனுக்குப் பங்கு உண்டே?" என்பார்கள். உண்டு. 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. ஏலத்தில் போன குத்தகைக்கு, ராயல்டியில் 10 சதவீதத்துக்குச் சமமான தொகை அதற்கு வர வேண்டும். விற்பனை மதிப்பில் அல்ல, லாபத்தில் அல்ல, ராயல்டியில். அந்தப் பத்தில் எத்தனை காசு காலனித் தெருவுக்கு வரும் என்பதை, பட்டியல் சாதித் துணைத்திட்ட நிதி வேறு வேலைக்குத் திருப்பப்படும் கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லை.

ஊர் கூடியது, யார் பேசியது?

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சுரங்கத்துக்கு எதிராகக் கிராம சபை தீர்மானங்கள் பெரிய ஆயுதமாக இருந்தன. கிராம சபையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் எந்த வட்டாரத்தின் கிராம சபை? மேலவளவு இதே மேலூர் வட்டாரத்தில்தான் இருக்கிறது. தனித்தொகுதியான ஊராட்சியில் தலைவராக வென்ற குற்றத்துக்காக 1997 ஜூன் 30 அன்று முருகேசனையும் அவரோடிருந்தவர்களையும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்தாண்டுகள் ஒரு தலித் தலைவரை உட்கார விடவில்லை. ஊர் கூடுவது என்றால் அம்பலக்காரர்கள் கூடுவது என்ற பழக்கம் இந்தப் பக்கம் இன்னும் சாகவில்லை.

டங்ஸ்டன் எதிர்ப்பில் சேரி மக்களும் நடந்தார்கள், வெயிலில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது மண்ணைக் காக்க. அந்த மண்ணில் அவர்களுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியை யாரும் மேடையில் எடுக்கவில்லை. பொது எதிரி வரும்போது "நாமெல்லாம் ஒரே மண்ணின் மக்கள்" என்பார்கள். எதிரி போன மறுநாள் தேநீர்க் கடையிலும் கண்மாய் ஏலத்திலும் கோயில் வாசலிலும் அந்த ஒரே மண் இரண்டாகப் பிளந்துவிடும். வேதாந்தாவை எதிர்க்கும் ஒற்றுமை மேலவளவை மறக்கச் சொன்னால், அந்த ஒற்றுமையில் நாங்கள் இளைய பங்காளியாக நிற்க மாட்டோம். சம பங்காளியாக நிற்போம். இரண்டும் ஒன்றல்ல.

அடுத்த முறை கேட்கக்கூட மாட்டார்கள்

இதையெல்லாம் ஏன் இப்போது பேசுகிறோம்? 2023இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி டங்ஸ்டன் உட்பட 24 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் என்று தனிப் பட்டியலில் போட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அடுத்த அடியை எடுத்து வைத்தது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று குறிப்பாணை போட்டது. தமிழ்நாடு முதல்வர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் மட்டும் போதாது.

கருத்துக்கேட்புக் கூட்டம் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். முன்வரிசையில் யார், ஒலிபெருக்கி யார் கையில், கடைசியில் நிற்பவர் யார் என்பதெல்லாம் தெரியும். ஆனாலும் நிலமற்ற ஒரு பெண், பட்டா காட்டாமல், வேட்பாளராக நிற்காமல், "என் குழாயில் தண்ணீர் வராது, இதை எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஆட்சியர் முன் சொல்லி அரசுப் பதிவில் ஏற்றக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. நிலம் வைத்திருப்பவருக்கு நீதிமன்றம் உண்டு, எம்எல்ஏ உண்டு, பேரம் உண்டு. அவளுக்கு இருந்ததில் ஒரு கதவு அது. அதைத்தான் பூட்டுகிறார்கள். தேசப் பாதுகாப்பு என்ற பூட்டு.

என்ன செய்வது?

1943 டிசம்பரில், வைசிராய் நிர்வாக சபையின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். அடுத்த மாதமே சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. அவர் இறங்கிப் பார்த்தார், பிறகு சட்டம் எழுதினார். நமக்கும் வேலை அந்த வரிசையில்தான்.

முதலாவது, சுரங்கத் திட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பொறியியலும் புவியியலும் படிக்கும் தலித் மாணவர்கள் மதுரையில் ஏராளம். ஷாஃப்ட் எங்கே, காற்றுப்போக்கி எங்கே, கழிவுக் குட்டை எங்கே, பம்ப் நீர் எந்த ஓடையில் விடப்படும் என்ற நான்கு கேள்விக்கும் வரைபடத்தில் பதில் இருக்கும். அந்த வரைபடத்தின் மேல் காலனிகளைக் குறித்துப் பாருங்கள். வேறு வாதமே தேவைப்படாது.

இரண்டாவது, நம் கணக்கை நாமே எழுத வேண்டும். மேலூர் வட்டாரத்தில் ஒவ்வொரு காலனியிலும் எத்தனை கைப்பம்பு, எத்தனை அடியில் தண்ணீர், எத்தனை குடும்பம் யார் வயலில் எத்தனை நாள் கூலி, எத்தனை ஆடு எந்தப் புறம்போக்கில் மேய்கிறது, எந்தச் சுடுகாட்டுக்குப் பட்டா இல்லை என்று கோடையிலும் மழைக்காலத்திலும் எழுதி வையுங்கள். சுரங்கம் வந்த பிறகு எழுதினால் அது புகார். வருவதற்கு முன்பே எழுதியிருந்தால் அது ஆதாரம்.

மூன்றாவது, கிராம சபையில் தீர்மானம் வரும்போது அதன் வாசகத்தில் நம் வரியும் இருக்க வேண்டும். "எங்கள் விவசாய நிலம் பாதிக்கப்படும்" என்பதோடு "நிலமற்ற கூலிக் குடும்பங்களின் பிழைப்பும் குடிநீரும் புறம்போக்கு உரிமையும் பாதிக்கப்படும்" என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் எந்த ஒற்றுமையை நம்பி நடக்கிறோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நான்காவது, செப்டம்பர் 8 குறிப்பாணையை எதிர்ப்பதை நிலவுடைமையாளரின் கோரிக்கையாக விட்டுவிடாதீர்கள். அது முதலில் நம் கோரிக்கை. கூடவே குவாரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரல் பரிசோதனையும் சிலிகோசிஸ் பதிவேடும் கேளுங்கள். டங்ஸ்டன் வராவிட்டாலும் கிரானைட் தூசி ஏற்கெனவே நம் நெஞ்சுக்குள் இருக்கிறது.

சுரங்கம் வேண்டாம் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. சுரங்கம் போனதும் பழைய வயல், பழைய கூலி, பழைய ஊர், பழைய சேரி அப்படியே இருக்கட்டும் என்பதை ஏற்கவும் எங்களால் முடியாது. அரிட்டாபட்டிக் குன்று காப்பாற்றப்பட்டது. குன்றின் அடிவாரத்தில் நிலமில்லாமல் நிற்பவருக்கு நிலம் எப்போது என்ற கேள்வியோடுதான் அடுத்த கிராம சபைக்குப் போக வேண்டும்.